முடிச்சுப் போடாத நூல்

படம் மோசம். அதில் இரண்டு பேச்சில்லை.
ஆம்பூர் தனபாக்கியத்தில் ஞாயிறு மேட்னி,
சம்பளம் வந்த வாரம்.
கட்டிங்கில் இருந்து தஸ்லீம்,
ஸ்டிச்சிங்கில் நானும் பிரேமாவதியும்,
பேக்கிங் எஸ்தர், அவள் தங்கச்சி.
ஒரே வரிசை. ஐந்து பேர் கையிலும்
ஷூ ஒட்டும் சொல்யூஷன் வாசனை,
பாப்கார்னும் அதே வாசனை.

இடைவேளைக்குள் நாயகன்
நூற்றுப் பதினோரு பேரை அடித்துவிட்டான்.
தஸ்லீம் எண்ணினாள்,
ஜோடிக் கணக்கு எண்ணிப் பழகிய வாய்,
ஒருத்தன் ஒத்தையாய் நிற்கிறானே என்று கவலைப்பட்டாள்.
ஒரு லாரி பறந்துபோய்ப் பாலத்தின்மேல் உட்கார்ந்தது.
நாயகி பனிமலையில் தாவணியோடு நடுங்கினாள்.
அம்மாவாக வந்தவளுக்கு
மகனைவிட வயசு கம்மி.
பக்கத்துத் தண்டவாளத்தில் ரயில் போனால்
வசனம் கேட்காது.
படத்துக்கு நடந்த நல்லது அது ஒன்றுதான்
என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் வில்லன் வந்தான்.
நாலு கொலை முடித்துவிட்டு லாட்ஜுக்கு வந்தவன்,
பனியனோடு கட்டிலில் உட்கார்ந்தான்.
மடியில் வெள்ளைச் சட்டை.
இரண்டாவது பொத்தான் இல்லை.

ஊசியை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கினான்.
நூலின் நுனியை நாக்கில் வைத்து நனைத்தான்.
ஒரு கண்ணை மூடி
நீட்டினான். போகவில்லை.

மேளமில்லை. வயலினில்லை.
இசை போடுகிறவர் தூங்கிவிட்டாரோ என்னவோ,
ஃபேன் சத்தம் மட்டும்,
அதுகூட தியேட்டர் ஃபேனாக இருக்கலாம்.

மறுபடி. நுனி பிரிந்து இரண்டானது.
பல்லில் கடித்துத் துப்பினான்.
மறுபடி.
நாங்கள் ஐந்து பேரும் முன்னால் சாய்ந்திருந்தோம்.
எப்போது சாய்ந்தோம் என்று தெரியாது.
"டேய், நூல இன்னாத்துக்கு ஆட்றே,
ஊசிய அதுகிட்ட கொண்டா"
வாய்விட்டே சொன்னாள் பிரேமாவதி.
ஒருத்தரும் சிரிக்கவில்லை.

அவன் கை நடுங்கியது.
நடிக்கிற நடுக்கம் எனக்குத் தெரியும்,
டிவியில் தினம் பார்க்கிறேன்.
இது அதில்லை.
ஓவர்டைம் முடிந்து டிபன் பாக்ஸ் மூடும்போது
என் கைக்கு வருமே, அது.

நாலாவது தரம் போனது.
போனதும், யாராவது பார்த்துவிட்டார்களா என்று
கதவைத் திரும்பிப் பார்த்தான்.

கதவு உடைந்தது. நாயகன்.
ஜன்னலைப் பிளந்துகொண்டு வில்லன் பறந்தான்.
மூன்றாம் மாடி, கண்ணாடி மழை, விசில்.
"ஒரு முடிச்சு போட வுட்டிருக்கலாம் இல்ல"
என்றாள் எஸ்தர்.

கடைசியில் பெயர்கள் ஓடும்போது
வாசல் கதவுகளைத் திறந்துவிட்டார்கள்.
வெயில் திரையில் விழுந்து
எழுத்தெல்லாம் வெளுத்துவிட்டது.
அவன் பெயர் எனக்குத் தெரியாது.

புதன்கிழமை தலைவலி என்று பர்மிஷன் போட்டேன்.
இருபத்திரண்டு வருஷத்தில்
தனியாகப் பார்க்கப்போன முதல் படம்
இந்தக் கண்ணறாவிதான்.
போஸ்டரில் மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது:
பதினைந்து நிமிடம் குறைக்கப்பட்டு
மேலும் விறுவிறுப்புடன்.

லாரி பறந்தது. குறைக்கவில்லை.
பனிமலையில் ஒரு விரல்கடை உருகவில்லை.
நூற்றுப் பதினோரு பேரும்
வந்து அடி வாங்கிப் போனார்கள்.
லாட்ஜின் போர்டு. உடனே
கதவு உடைந்தது.

பறந்தான். பனியனோடு,
எதற்குப் பனியன் என்று யாருக்கும் தெரியாமல்.
விரலிடுக்கில் ஏதோ மினுங்கியது.
முன்சீட்டுப் பையன் அப்பனிடம் சொன்னான்,
"கத்தி வச்சினு கீறான்பா."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் லைனில்
பிரேமாவதியிடம் மட்டும் சொன்னேன்,
"தூக்கிட்டாங்கடி."
தலை நிமிராமல் கேட்டாள், "இன்னாத்த?"
"ஊசிய."

அவள் மிஷின் நின்றது.
சூப்பர்வைசர் திரும்புவதற்குள்
மறுபடி ஓடியது.